மேடைச் சாமான் தயாரிக்கும் சிறு பட்டறை கண்காட்சியில் ஸ்டால் போடுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மேடை டெக் (சட்டத்தில் ப்ளை பதித்த தளப் பலகை), ட்ரஸ் (குழாய்களை வெல்டு செய்து கட்டிய தூலம்), படிக்கட்டு, கைப்பிடி, பாரிகேட் என்று செய்து விற்கும் சிறிய பட்டறைக்காரர்கள் முதல் தடவை வர்த்தகக் கண்காட்சிக்குக் கிளம்பும்போது கேட்பவை பெரும்பாலும் ஒரே கேள்விகள்தான். அவர்கள் கேட்ட வார்த்தையிலேயே அவற்றை இங்கே தொகுத்திருக்கிறோம். ஸ்டால் வாடகை வருடாவருடம் மாறும் என்பதால் தொகை எதுவும் தரவில்லை. அளவு, எடை, காகிதம், விதி ஆகியவை மட்டும்தான்.

எந்தக் கண்காட்சிக்குப் போறது? சென்னையா, மும்பையா?

உங்கள் சாமானை வாங்குவது யார் என்பதைப் பொறுத்தது. சவுண்ட், லைட், மேடை வாடகைக்கு விடுபவர்களிடம் விற்க வேண்டுமென்றால் அவர்கள் கூடும் இடம் மும்பை கோரேகாவில் உள்ள பாம்பே எக்ஸிபிஷன் சென்டர். அங்கே மே மாதக் கடைசியில் பாம் எக்ஸ்போ என்ற சவுண்ட், லைட் துறைக் கண்காட்சி நடக்கும். கல்யாண மண்டபம், கல்லூரி, ஹோட்டல், தேவாலயம் போன்ற, ஒரே தடவை வாங்கி வைத்துக்கொள்ளும் இடங்கள்தான் குறி என்றால் மும்பை வரை போக வேண்டியதில்லை. சென்னை நந்தம்பாக்கம் வர்த்தக மையத்திலும் கோவை கொடிசியா வளாகத்திலும் நடக்கும் ஹோட்டல், கட்டடம், திருமணம் சார்ந்த கண்காட்சிகளே போதும்.

எதுவானாலும் முதல் வருடம் பார்வையாளராகப் போய் ஒரு நாள் முழுக்கச் சுற்றுங்கள். கூட்டம் எவ்வளவு என்று எண்ண வேண்டாம். எந்த ஸ்டாலில் ஆள் நின்று பேசுகிறார், எதைக் குனிந்து பார்க்கிறார் என்று பாருங்கள். வெறுமனே பை வாங்கிப் போகும் கூட்டம் ஆயிரம் பேர் வந்தாலும் ஒரு டெக் விற்காது.

ஷெல் ஸ்கீம், பேர் ஸ்பேஸ்னு ரெண்டு சொல்றாங்க. என்ன வித்தியாசம்?

ஷெல் ஸ்கீம் என்றால் அலுமினியச் சட்டமும் வெள்ளைப் பேனலும் வைத்து அடைத்த அறை. கார்ப்பெட், பெயர்ப் பலகை, ஒரு மேசை, இரண்டு நாற்காலி, சில ஸ்பாட் லைட், ஒரு பிளக் பாயின்ட் கிடைக்கும். பேர் ஸ்பேஸில் தரையில் சாக்பீஸ் கோடு மட்டும்தான் இருக்கும். கார்ப்பெட் முதல் மின்சாரம் வரை உங்கள் பாடு.

மேடைச் சாமான்காரருக்கு ஒரு வசதி உண்டு. மற்றவர்கள் பேர் ஸ்பேஸ் எடுத்தால் தச்சரைப் பிடித்து ஸ்டால் கட்ட வேண்டும். உங்களுக்கு உங்கள் ட்ரஸ்ஸே சுவர், உங்கள் டெக்கே தரை. ஆகவே இடம் 18 சதுர மீட்டரோ அதற்கு மேலோ என்றால் பேர் ஸ்பேஸ்தான் எங்கள் சிபாரிசு. அதற்குக் கீழே பெரும்பாலான அமைப்பாளர்கள் பேர் ஸ்பேஸ் தருவதில்லை.

3க்கு 3 ஸ்டால்ல மேடை போட்டுக் காட்ட முடியுமா?

முடியும். ஆனால் பெயரளவுக்குச் சொல்லும் 3 மீட்டரை நம்பி அளவெடுக்காதீர்கள். பேனல் நிற்கும் கம்பங்களே இடம் பிடிப்பதால் உள்ளளவு 2.95 மீட்டரைத் தாண்டாது என்று வைத்துக்கொள்ளுங்கள். 3 மீட்டர் ட்ரஸ் துண்டு ஒன்றை இரண்டு பக்கச் சுவருக்கு நடுவே பொருத்தலாம் என்று கொண்டுபோனால் உள்ளே நுழையாது. முதல் தடவை போகிறவர்கள் அதிகம் மாட்டுவது இங்கேதான். 2 மீட்டர், 1 மீட்டர், 50 செ.மீ. துண்டுகளாக எடுத்துப் போங்கள்.

2க்கு 1 மீட்டர் டெக் இரண்டைப் பக்கம் பக்கமாக வைத்தால் 2க்கு 2 மேடை. அதைப் பின்மூலையில் ஒட்டி வைத்தால் முன்னாலும் ஒரு பக்கமும் சுமார் 90 செ.மீ. நடைவழி மிஞ்சும். உயரம் 40 செ.மீ. போதும். பெயர்ப் பலகையின் அடி விளிம்பு தரையிலிருந்து சுமார் 2.2 மீட்டரில் இருக்கும். 175 செ.மீ. ஆள் 40 செ.மீ. மேடையில் நின்றால் தலை 2.15க்கு வரும். 60 செ.மீ. ஆக்கினால் இறங்கும்போது நெற்றியில் இடிக்கும்.

மொத்தம் எவ்வளவு ஆகும்னு குத்துமதிப்பாச் சொல்லுங்க.

வாடகையை மூன்றால் பெருக்குங்கள். வாடகை ஒரு பங்கு, ஸ்டால் கட்ட, லாரி, ஏற்றி இறக்க ஒரு பங்கு, ஆட்களின் பயணம், தங்கல், சாப்பாடு, அச்சு வேலை ஒரு பங்கு. வாடகையின் மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. வரும். அதை உள்ளீட்டு வரியாக எடுத்துக்கொள்ளலாம் என்றாலும் கட்டும்போது கையில் பணம் வேண்டும். கூடுதல் மின்சாரம், ஃபோர்க்லிஃப்ட், கூடுதல் நாற்காலி எல்லாம் தனிப் படிவம். கடைசித் தேதி தாண்டினால் அதற்குக் கூடுதல் கட்டணம்.

உத்யம் (சிறு தொழில்களுக்கான மத்திய அரசுப் பதிவு) இருக்கும் குறு, சிறு நிறுவனமாக இருந்தால் மத்திய குறு, சிறு, நடுத்தரத் தொழில் அமைச்சகத்தின் கொள்முதல் மற்றும் சந்தைப்படுத்தல் ஆதரவுத் திட்டத்தில் ஸ்டால் வாடகையில் ஒரு பகுதியைத் திரும்பப் பெற வழி உண்டு. இடம் பதிவு செய்வதற்கு முன்பே மாவட்டத் தொழில் மையத்திலோ எம்.எஸ்.எம்.இ. அலுவலகத்திலோ நடப்பு விதியைக் கேட்டுவிடுங்கள். முடிந்த பிறகு போய்க் கேட்டால் ஏதாவது ஒரு காகிதம் குறையும்.

எந்தெந்தச் சாமானைக் கொண்டுபோறது? எல்லாத்தையும் காட்டணும்னு ஆசையா இருக்கு.

ஆசையை லாரி வாடகை அடக்கிவிடும். ஒன்று முழுதாக நிற்க வேண்டும், மற்றவை துண்டாக இருந்தால் போதும். முழுதாக நிற்பது மேடை: டெக், கால், படி, கைப்பிடி, சுற்றுத் துணி. துணியை ஒரு பக்கம் மட்டும் கட்டாமல் விடுங்கள். விவரம் தெரிந்தவர் முதலில் குனிந்து பார்ப்பது அடியில்தான்: கால் எப்படிப் பூட்டுகிறது, வெல்டு எப்படி ஓடியிருக்கிறது, ப்ளையின் ஓரம் சீல் ஆகியிருக்கிறதா. துண்டாக வைப்பது ட்ரஸ்ஸின் ஒரு மூலை, பாதியாக அறுத்த ஒரு கப்ளர் (ட்ரஸ் துண்டுகளை இணைக்கும் மூட்டு), டெக் சட்டத்தின் குறுக்குவெட்டு. அறுத்த துண்டு சுவர் கனத்தை அப்படியே காட்டும். பிரசுரத்தில் போட்ட எண்ணை விட அதற்கு மதிப்பு அதிகம்.

அளவு விஷயத்தில் இரண்டையும் வையுங்கள். நம் ஊரில் மேடை பேசுவது அடியில், வெளிநாட்டுக் கலைஞர்களின் ரைடர் (தேவைப் பட்டியல்) பார்த்து வருபவர் பேசுவது மீட்டரில். 18 மி.மீ. ப்ளை ஷீட் 8க்கு 4 அடி, அதாவது 2440க்கு 1220 மி.மீ. 8க்கு 4 டெக் செய்தால் ஒரு ஷீட் முழுக்கச் செலவாகும். 2க்கு 1 மீட்டர் டெக் செய்தால் மூன்றில் ஒரு பங்கு ஷீட் வெட்டுத்துண்டாகப் போகும். மீட்டர் டெக் ஏன் சதுர அடிக்கு விலை கூட என்று கேட்பவருக்கு இதுதான் பதில். ஆனால் தூக்குகிறவருக்கு மீட்டர் டெக்தான் நல்லது. அதில் ப்ளை மட்டுமே சுமார் 24 கிலோ, 8க்கு 4இல் அதுவே சுமார் 36. அலுமினியச் சட்டம் தனி.

உதிரியில் கஞ்சத்தனம் வேண்டாம். கப்ளரைப் பூட்டும் பின், அது கழலாமல் பிடிக்கும் ஆர்-கிளிப் பத்துக்கு ஒன்று கூடுதல். தாமிரச் சுத்தியல் இரண்டு, ரசமட்டம், ஆலன் கீ செட், கேஃபர் டேப், சிராய்ப்பை மறைக்க கறுப்பு ஸ்ப்ரே பெயின்ட். இரும்புச் சுத்தியலால் அடித்துக் காட்டினால், பின் இறங்கினாலும் பார்த்துக்கொண்டிருக்கும் வாடிக்கையாளர் முகம் சுளிப்பார்.

ட்ரஸ்ஸை ஹால் கூரையிலிருந்து தொங்கவிடலாமா? எவ்வளவு உயரம் வரை கட்டலாம்?

இரண்டுக்கும் பதில் அமைப்பாளர் தரும் கண்காட்சியாளர் கையேட்டில் இருக்கும். ஷெல் ஸ்டாலில் பேனல் உயரமான 2.5 மீட்டரோடு நிறுத்துங்கள். அந்தப் பேனலில் ஆணி, ஸ்க்ரூ, டிரில் கூடாது. ட்ரஸ்ஸை அதன்மேல் சாய்க்கவும் கூடாது. அது தன் எடையை மட்டும் தாங்கும் சட்டம். பேர் ஸ்பேஸில் குறிப்பிட்ட உயரம் தாண்டினால் கட்டமைப்புப் பொறியாளர் கையெழுத்திட்ட சான்றும் வரைபடமும் கேட்பார்கள். உங்கள் தொழிலே இதுதான் என்பதால் அந்தச் சான்றைச் செலவாக நினைக்காமல் சட்டம் போட்டு ஸ்டாலில் மாட்டிவிடுங்கள்.

கூரையிலிருந்து தொங்கவிடுவதை நம் ஹால்களில் பலவற்றில் விடமாட்டார்கள். விட்டாலும் அவர்கள் சொல்லும் ஆள்தான் கட்ட வேண்டும். நான்கு காலில் நிற்கும் சட்டமாக யோசியுங்கள். 290 மி.மீ. பாக்ஸ் ட்ரஸ் மீட்டருக்குச் சுமார் 6 முதல் 7 கிலோ. 3 மீட்டர் துண்டை இரண்டு பேர் சிரமமில்லாமல் தூக்கி வைக்கலாம். இடத்தைத் தேர்ந்தெடுக்கும்போது ஹால் தூண், தீயணைப்புக் குழாய்ப் பெட்டி எங்கே இருக்கின்றன என்று வரைபடத்தில் பாருங்கள். ஸ்டாலுக்குள் தூண் வந்தால் சட்டம் நிற்காது.

ஒரு பிளக் பாயின்ட் தர்றாங்களே, லைட்டுக்குப் போதுமா?

வழக்கமாகத் தருவது 5 ஆம்பியர். 230 வோல்ட்டில் அது 1,150 வாட். 200 வாட் எல்.இ.டி. பார் நான்கும் ஒரு டிவியும் ஓடும். மூவிங் ஹெட் (தலை சுழலும் லைட்) இரண்டு மூன்று சேர்த்தால் பிரேக்கர் விழும். அந்த வரிசையில் உள்ள பக்கத்து ஸ்டாலும் இருட்டாகும், பிறகு நான்கு நாளும் அவர் முகத்தில் விழிக்க முடியாது. மோட்டார் செயின் பிளாக் (சங்கிலியால் சுமை தூக்கும் கருவி) ஓட்டிக் காட்டுவதென்றால் பெரும்பாலும் மும்முனை மின்சாரம் வேண்டும். அதை முன்படிவத்தில் கிலோவாட் கணக்கில் கேளுங்கள். கட்டும் நாட்களுக்கான மின்சாரம் பல இடங்களில் தனிக் கட்டணம். புகை மெஷினை அனுமதி வாங்காமல் ஓட்ட வேண்டாம்.

ஹால் தரை கெட்டுப்போச்சுன்னு அபராதம் போடுவாங்களாமே?

போடுவார்கள். காரணமும் நியாயம். 2 சதுர மீட்டர் டெக்கில் சதுர மீட்டருக்கு 500 கிலோ ஏறினால் மொத்தம் 1,000 கிலோ, ஒரு காலுக்கு 250. கால் 48.3 மி.மீ. வெளிவிட்டமும் 4 மி.மீ. கனமும் உள்ள குழாய் என்றால் தரையைத் தொடும் பரப்பு சுமார் 5.6 சதுர செ.மீ. அதாவது சதுர செ.மீ.க்கு 45 கிலோ அழுத்தம். 15க்கு 15 செ.மீ. பேஸ் பிளேட் போட்டால் அதுவே 1.1 கிலோவாக இறங்கிவிடும். அடியில் ஒரு ப்ளைத் துண்டு. கார்ப்பெட்டும் கிழியாது.

தரை மட்டமாக இருக்கும் என்றும் நம்பாதீர்கள். நிலையான கால் மட்டும் கொண்டுபோனால் மேடை ஆடும். ஆடும் மேடையில் ஏறிய வாடிக்கையாளர் அப்படியே இறங்கிப் போய்விடுவார். ஒவ்வொரு டெக்குக்கும் இரண்டு திருகுகால் எடுத்துப் போங்கள்.

விற்கப் போறதில்ல, காட்டத்தான் போறோம். அதுக்கும் இ-வே பில் வேணுமா?

வேண்டும். இ-வே பில் என்பது வண்டியில் போகும் சரக்குக்கான ஜி.எஸ்.டி. மின்சீட்டு. விற்பனை இல்லை என்பதால் இன்வாய்ஸ் கிடையாது. அதன் இடத்தில் டெலிவரி சலான் போட வேண்டும். மூன்று பிரதி: பெறுபவருக்கு ஒன்று, வண்டியோடு ஒன்று, உங்களிடம் ஒன்று. மாநிலம் தாண்டும் சரக்கின் மதிப்பு 50,000 ரூபாய்க்கு மேல் என்றால் இ-வே பில் கட்டாயம். தமிழ்நாட்டுக்குள்ளேயே என்றால் வரம்பு 1 லட்சம். இ-வே பில் இணையதளத்தில் பரிவர்த்தனை வகையில் ‘வெளியே செல்வது’, துணை வகையில் ‘கண்காட்சி அல்லது சந்தை’ என்று தேர்வு செய்யுங்கள். ‘சப்ளை’ என்று தவறாகப் போட்டால் கணக்குத் தணிக்கையில் இன்வாய்ஸ் எங்கே என்று கேட்பார்கள்.

செல்லுபடி 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள். சென்னையிலிருந்து மும்பை சுமார் 1,330 கிலோமீட்டர் என்பதால் ஏழு நாள் கிடைக்கும். வழியில் வண்டி நின்றுவிட்டால் காலாவதிக்கு எட்டு மணி நேரம் முன்போ பின்போ நீட்டிக்கலாம். திரும்பி வரும்போது பழைய பில் செல்லாது, ‘உள்ளே வருவது’ என்று புதிது போட வேண்டும். கண்காட்சி முடிந்த இரவு பத்து மணிக்குத்தான் இது பலருக்கு நினைவு வரும்.

எப்படிப் பேக் பண்ணி அனுப்பணும்?

பொருளாக அடுக்காமல், கட்டும் வரிசைப்படி ஏற்றுங்கள். கடைசியில் வேண்டியது உள்ளே, முதலில் வேண்டிய பேஸ் பிளேட், கால், பின் பெட்டி கதவோரம். டெக்கை முகத்தோடு முகம் சேர்த்து, நடுவில் ஃபோம் ஷீட் வைத்து அடுக்குங்கள். சட்டத்தோடு முகம் உரசினால் வழுக்காத ஆன்டி-ஸ்கிட் பரப்பில் கோடு விழும். ஒவ்வொரு கட்டின்மேலும் ஹால் எண், ஸ்டால் எண், இத்தனையில் இத்தனையாவது கட்டு என்று நான்கு பக்கமும் எழுதுங்கள்.

ஹாலுக்குள் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுவது அமைப்பாளர் நியமித்த சரக்குக் கையாளுநர் மட்டும்தான். காலிப் பெட்டியை வைக்க இடம் கேட்டாலும் அவர்கள் கட்டணம்தான். ஆகவே பெட்டிக்குப் பதில் மடிக்கும் சக்கர டாலி நல்லது. அதையும் விற்கும் சாமானாகவே காட்டலாம்.

எல்லாரும் கேக்கறது ஒண்ணுதான்: ‘எவ்ளோ வெயிட் தாங்கும்?’ என்ன சொல்றது?

ஒற்றை எண் சொல்லாதீர்கள். டெக்குக்கு ‘சதுர மீட்டருக்கு இத்தனை கிலோ, சீராகப் பரவியிருந்தால்’ என்று சொல்லுங்கள். பிறகு ஒரே இடத்தில் நிற்கும் எடைக்கு, உதாரணமாக பியானோ காலுக்கு, தனி எண். ட்ரஸ்ஸுக்கு முதலில் ‘இரண்டு தாங்கிகளுக்கு நடுவே எத்தனை மீட்டர் இடைவெளி?’ என்று திருப்பிக் கேளுங்கள். இரண்டு முனையில் மட்டும் தாங்கும் ட்ரஸ்ஸின் நடுவில் மொத்தமாகத் தொங்கவிட்டால், வளைவைப் பொறுத்தவரை, சீராகப் பரப்பித் தாங்குவதில் பாதிதான் தாங்கும். இடைவெளியை இரட்டிப்பாக்கினால் தாங்கும் மொத்த எடை பாதியாகும், அதே எடைக்கு வரும் தொய்வு எட்டு மடங்காகும்.

‘1 டன் தாங்கும்’ என்று பேனர் அடிப்பதைப் பார்க்கிறோம். விவரம் தெரிந்தவர் அந்த ஸ்டாலைத் தாண்டிப் போய்விடுவார், தெரியாதவர் நம்பி வாங்கி 12 மீட்டரில் தொங்கவிடுவார். இரண்டும் நஷ்டம். ஒரு பக்கச் சுமை அட்டவணையை லேமினேட் செய்து சங்கிலியில் கட்டித் தொங்கவிடுங்கள். எந்த அலாய் (அலுமினியக் கலவை) என்றும் அதில் எழுதுங்கள், 6082 டி6 என்றோ 6061 டி6 என்றோ. வெல்டு ஓடிய இடத்தில் அந்த அலுமினியத்தின் வலு ஏறக்குறைய பாதியாக இறங்கும். கணக்கு அதை வைத்துத்தான் போட்டிருக்கிறதா என்று கேட்பவர் வந்தால் அவருக்கு நாற்காலி போடுங்கள்.

ஏறி நின்னு குதிச்சுப் பாக்கிறாங்க. விடலாமா?

ஏற விடுங்கள், அதற்குத்தான் மேடை. நான்கைந்து பேர் ஒரே தாளத்தில் குதிப்பதை மட்டும் தடுங்கள். கீழ்நோக்கிய எடையை டெக் தாங்கும். சிக்கல் பக்கவாட்டு ஆட்டத்தில்தான், அதைத் தாங்குவது கால்களுக்கிடையே போகும் குறுக்குக் கம்பியும் டெக்கை டெக்கோடு பூட்டும் கிளாம்பும். இரண்டே டெக் வைத்த சிறு மேடை, நாற்பது டெக் பூட்டிய பெரிய மேடையை விட அதிகம் ஆடும். ஆகவே காட்சிக்கு வைப்பதிலும் குறுக்குக் கம்பி போடுங்கள். 40 செ.மீ. உயரத்துக்கு 20 செ.மீ. படி ஒன்று, ஒரு பக்கம் கைப்பிடி, விளிம்பில் மஞ்சள் பட்டை. கண்காட்சி நாட்களுக்கு மூன்றாம் நபர் விபத்துக் காப்பீடும் எடுத்துவிடுங்கள்.

‘எங்ககிட்ட ஏற்கெனவே வேற கம்பெனி ட்ரஸ் இருக்கு, உங்கது சேருமா?’ன்னா?

சேரும் என்று உடனே சொல்லிவிடும் பழக்கம்தான் இந்தத் தொழிலின் வியாதி. 290 என்று சந்தையில் சொல்வதில் இரண்டு குடும்பம் உண்டு. ஒன்று 48 மி.மீ. குழாய், அச்சுக்கு அச்சு 239, வெளியளவு 287. மற்றது 50 மி.மீ. குழாய், அச்சுக்கு அச்சு 240, வெளியளவு 290. ஒரு மி.மீ. வித்தியாசத்தில் சுத்தியலால் அடித்தால் பின் இறங்கிவிடும், சேர்ந்துவிட்டது போலவும் தெரியும். ஆனால் நான்கு கப்ளரில் இரண்டு மட்டுமே சுமை எடுக்கும். ஒரு கப்ளரைக் கொண்டுவரச் சொல்லி கேலிப்பரில் அளந்து காட்டுங்கள். சேர்ந்தாலும் ஒரே இடைவெளிக்குள் கலக்க வேண்டாம் என்று எழுத்திலேயே சொல்லுங்கள். சுமை அட்டவணை அந்தக் கலவைக்குப் பொருந்தாது.

கடைசி நாள் ‘இந்த மேடையவே குடுத்துடுங்க’ன்னு கேக்கறாங்க. குடுக்கலாமா?

லாரி வாடகை மிச்சம் என்று எல்லோருக்கும் ஆசை வரும். ஆனால் அது சலானில் வந்த சரக்கு. ஸ்டாலிலேயே விற்கும் எண்ணம் இருந்தால், வேறு மாநிலத்தில் தற்காலிக வரிப் பதிவு ஒன்று உண்டு: தொடங்குவதற்கு ஐந்து நாள் முன்பாவது விண்ணப்பித்து, உத்தேச வரியை முன்பணமாகக் கட்ட வேண்டும், 90 நாள் செல்லும். வாடிக்கையாளர் பார்த்துப் பிடித்தால் எடுத்துக்கொள்ளும் முறையில் கொண்டுபோன சரக்குக்கு வேறு வழி. சலானோடு இன்வாய்ஸ் புத்தகத்தையும் எடுத்துப் போய், விற்கும் இடத்தில் ஐ.ஜி.எஸ்.டி. (மாநிலம் தாண்டும் விற்பனைக்கான ஜி.எஸ்.டி.) போட்டு பில் தரலாம் என்று 2017 அக்டோபரில் மத்திய மறைமுக வரி வாரியம் சுற்றறிக்கை விட்டது. எது உங்களுக்கு என்பதைக் கிளம்பும் முன் ஆடிட்டரிடம் கேளுங்கள். கேட்கவில்லையென்றால் அட்வான்ஸ் வாங்கி, சாமானை ஊருக்குக் கொண்டுவந்து, சாதாரண இன்வாய்ஸில் புதிதாக அனுப்புங்கள்.

போட்டோ எடுத்துட்டுப் போய் அப்படியே காப்பியடிக்கிறாங்க. தடுக்க முடியுமா?

போட்டோவைத் தடுப்பது வீண், ‘போட்டோ கூடாது’ என்ற பலகை வாங்க வருபவரையும் விரட்டும். வடிவம் புதிது என்றால் காட்டுவதற்கு முன்பே 2000ஆம் ஆண்டு வடிவமைப்புச் சட்டத்தில் விண்ணப்பியுங்கள். பதிவு 10 வருடம், மேலும் 5 வருடம் நீட்டிக்கலாம். காட்டிவிட்டுப் பிறகு விண்ணப்பித்தால் ‘ஏற்கெனவே வெளியானது’ என்று போய்விடும். மத்திய அரசு அறிவித்த கண்காட்சி என்றால் மட்டும், வடிவமைப்புப் பதிவைக் கவனிக்கும் கன்ட்ரோலருக்கு முன்கூட்டியே தெரிவித்து, முதலில் காட்டிய நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் விண்ணப்பிக்க விலக்கு உண்டு. இந்தப் பதிவு தோற்றத்துக்கு மட்டும். பூட்டு வேலை செய்யும் விதம் புதிது என்றால் அது காப்புரிமை விஷயம், அதற்கும் முன்பே விண்ணப்பிப்பதுதான் பத்திரம்.

முந்நூறு விசிட்டிங் கார்டு வந்தது, ஒரு ஆர்டர்கூட வரல. ஏன்?

கார்டின் பின்னால் ஒன்றும் எழுதாததுதான் காரணமாக இருக்கும். பேசி முடித்த உடனே நான்கு விஷயம் எழுதுங்கள்: எந்த ஊர், வாடகைக்கா சொந்த உபயோகமா, எத்தனை சதுர அடி, எப்போது வேண்டும். 9 சதுர மீட்டருக்கு ஒரு நேரத்தில் இரண்டு பேர் போதும், மூன்றாவது ஆள் மாற்றுக்கு. இருவரில் ஒருவராவது வெல்டிங் தெரிந்தவராக இருக்கட்டும். அடியில் குனிந்து பார்க்கிறவர் கேட்கும் கேள்விக்கு விற்பனைப் பையனால் பதில் சொல்ல முடியாது.

அன்றிரவே வாட்ஸ்அப்பில் அவர் நின்று பார்த்த சாமானின் படத்தையும் சுமை அட்டவணையையும் அனுப்புங்கள். தேதி சொன்னவருக்கு ஒரு வாரத்துக்குள் விலைப்பட்டியல். தேதி சொல்லாத வாடகைக்காரருக்கு அடுத்த கல்யாண சீசன் தொடங்குவதற்கு இரண்டு மாதம் முன்பு ஒரு போன். சீசன் நடக்கும்போது கூப்பிட்டால் அவர் ஏதாவது ஒரு மண்டபத்தில் கேபிள் இழுத்துக்கொண்டிருப்பார்.

துபாய், சிங்கப்பூர் கண்காட்சிக்கு இதே மாதிரி சாமானைக் கொண்டுபோய்க் கொண்டுவரலாமா?

அதற்கு ஏ.டி.ஏ. கார்னே என்ற ஆவணம். அங்கே இறக்குமதி வரி கட்டாமல் காட்டிவிட்டுத் திருப்பிக் கொண்டுவர உதவும். இந்தியாவில் வழங்குவது ஃபிக்கி என்ற தொழில் வர்த்தகக் கூட்டமைப்பு, ஒரு வருடம் செல்லும், பிணையத் தொகை கட்ட வேண்டும். அதில் எழுதிய ஒவ்வொரு பொருளும் திரும்பி வந்தாக வேண்டும். ஆகவே முன் கேள்வியில் சொன்ன ‘கடைசி நாள் கொடுத்துவிடுவது’ இங்கே இன்னும் பெரிய சிக்கல், அந்த நாட்டு வரியைக் கட்டச் சொல்வார்கள். இலவசமாகக் கொடுக்கும் பிரசுரம், பேனா, பை எதையும் அந்தப் பட்டியலில் சேர்க்காதீர்கள். மரப்பெட்டி என்றால் ஐ.எஸ்.பி.எம். 15 முத்திரை (மரத்தைப் பூச்சி இல்லாமல் பதப்படுத்தியதற்கான சர்வதேசக் குறி) பெட்டியிலேயே குத்தியிருக்க வேண்டும். முழுக்க ப்ளைவுட்டால் ஆன பெட்டிக்கு அது தேவையில்லை.